கடைசி வீட்டுக் கதவு

நுழையும்முன்

இயற்கைச் சீற்றத்தைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் மனிதருக்கு இல்லை. ஆனால், அச்சீற்றம் பேரழிவாக மாறாமல் காக்கும் அறிவும் அமைப்பும் நம்மிடம் உண்டு. அவ்வமைப்பில் பெண்கள் பயிற்சி பெற்றுப் பதவியேற்றுப் பணியாற்றுவது ஏன் இன்றியமையாதது? வானூர் – மரக்காணம் கடற்கரையில் நெடுங்காலம் பணியாற்றிவரும் தமிழாசிரியர் ஒருவரின் பட்டறிவிலிருந்து பிறந்த கட்டுரை இது.

உப்பும் வானமும்

வானூரிலிருந்து வடகிழக்காகச் செல்பவர் முதலில் செம்மண் மேடுகளையும் முந்திரித் தோப்புகளையும் கடப்பார். பிறகு நிலம் தாழும். கழுவேலி ஏரியின் நீர்ப்பரப்பு விரியும். அதற்கப்பால் மரக்காணத்து உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும். சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சங்ககாலம் தொட்டே நெய்தல் நில மக்களின் வாழ்வு கடலோடும் உப்போடும் பிணைந்திருக்கிறது.

உப்பு விளைச்சலுக்குப் பகைவன் மழை. பல நாள் வெயிலில் பாத்தியில் திரண்ட உப்பை, எதிர்பாராமல் பெய்யும் ஒருமணிநேர மழை கரைத்துவிடும். ஆகவே, உப்பு வாரிக் கூடையில் சுமக்கும் பெண்கள் வானத்தை ஓயாமல் கவனிப்பார்கள். மேகத்தின் நிறமும் காற்றின் திசையும் அவர்களுக்குப் பிழைப்பின் கணக்கு. முப்பது ஆண்டுகளாக அப்பெண்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தாய்மார், மகளின் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சன்னல் வழியாக ஒருமுறை வானத்தைப் பார்ப்பதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

அவர்கள் அவ்வாறு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 2011 டிசம்பரில் தானே, 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என அடுத்தடுத்து வந்த புயல்கள் புதுச்சேரியை ஒட்டிய இக்கடற்கரையில்தான் கரையைக் கடந்தன. புயலை முன்னறியும் கூர்மை இப்பெண்களிடம் இருந்தது. ஆனால், புயல் வரும்போது யார் எங்கே செல்ல வேண்டும், எந்தக் கதவு திறக்கப்பட வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்களுள் எவரும் நெடுங்காலம் இருந்ததில்லை. அந்த இடைவெளியைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

391, 146

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை ஏறத்தாழ ஆறரை மணிக்குச் சுமத்ராவின் அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. அதிலிருந்து எழுந்த ஆழிப்பேரலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அந்த நேரம் முழுவதும் கரையோர மக்களுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் உயிரிழந்தனர்.

இறந்தவர்கள் யார்? ஆக்ஸ்பாம் என்னும் தொண்டு நிறுவனம் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, கடலூர் மாவட்டத்தில் உயிரிழந்த பெண்கள் 391 பேர் என்றும் ஆண்கள் 146 பேர் என்றும் குறிப்பிட்டது. ஏறத்தாழ மூன்று பெண்களுக்கு ஓர் ஆண். கடல் ஆண், பெண் என்று பார்த்து அடிப்பதில்லை. பின்னர் ஏன் இந்த வேறுபாடு?

காரணங்கள் வாழ்க்கைமுறைக்குள் இருந்தன. ஆண்களில் பலர் அந்நேரத்தில் கடலுக்குள் இருந்தனர். ஆழ்கடலில் ஆழிப்பேரலையின் உயரம் மிகக் குறைவு. அது படகுக்கு அடியில் புகுந்து போனதைப் பலர் உணரவே இல்லை. பெண்களோ பிடித்துவரும் மீனை வாங்கி விற்பதற்காகக் கரையில் காத்திருந்தனர். அல்லது கரையோர வீடுகளில் பிள்ளைகளோடு இருந்தனர். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை என ஓடியவர்களால் விரைந்து ஓட இயலவில்லை. கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்திருந்தும் பெண்களுள் பெரும்பாலோர்க்கு நீந்தக் கற்றுத்தரப்படவில்லை. அலையில் சேலை காலைச் சுற்றிக்கொண்டது.

இவற்றுள் எதுவும் இயற்கையின் தீர்ப்பு அன்று. யார் எங்கே நிற்க வேண்டும், யார் எதைக் கற்க வேண்டும், யாருக்கு முதலில் செய்தி சொல்லப்பட வேண்டும் என்பவை மனிதர் வகுத்த ஏற்பாடுகள். மனிதர் வகுத்தவற்றை மனிதரே மாற்றவும் முடியும்.

செய்தி வீடு சேரும் வழி

அதே நாளில், புதுச்சேரிக் கடற்கரையில் உள்ள நல்லவாடு என்னும் மீனவ ஊரில் வேறொன்று நிகழ்ந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி ஊர்களில் அறிவு மையங்களை அமைத்துவந்தது. கடல் அலையின் உயரம், மீன் கிடைக்கும் இடம் போன்ற செய்திகளை அம்மையங்கள் ஒலிபெருக்கி வழியே ஊருக்கு அறிவித்தன. அவற்றுள் பலவற்றில் உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்றுப் பணியாற்றினர். அன்று காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைக் கண்டு வீட்டுக்குத் தொலைபேசினார். தொலைபேசியை எடுத்தவர் அவருடைய சகோதரி. வீட்டுக்குள் கடல்நீர் கசிந்து வருவதாக அவர் கூற, உடனே வெளியேறி ஊருக்கும் சொல்லுமாறு இளைஞர் வேண்டினார். செய்தி அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் ஒலித்தது. ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த ஊர் உயிர் தப்பியது.

இந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை எளியது. எச்சரிக்கை என்பது ஒரு சங்கிலி. கருவி அளக்கிறது, அறிவியலாளர் கணிக்கிறார், அலுவலகம் அறிவிக்கிறது, ஊர் கேட்கிறது, இறுதியில் வீட்டுக்குள் இருப்பவர் நம்பி எழுந்து நடக்கிறார். இக்கண்ணிகளுள் ஒன்று அறுந்தாலும் முன்னவை அனைத்தும் வீண்.

சங்கிலியின் முற்பகுதியை நாடு வலுப்படுத்தியது. 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. தேசியப் பேரிடர் மீட்புப் படை உருவாயிற்று. அதன் ஒரு பிரிவு நம் அரக்கோணத்தில் இயங்குகிறது. 2007ஆம் ஆண்டு முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயல்படுகிறது. ஆயினும், கடைசிக் கண்ணி ஐதராபாத்தில் இல்லை. அது ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் இருக்கிறது.

வங்கதேசம் இப்பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1991ஆம் ஆண்டுப் புயலில் அங்கு ஏறத்தாழ ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் பேர் மாண்டனர். அவர்களுள் பெண்களே மிகுதி. ஆண்கள் வந்து சொன்ன எச்சரிக்கை பல வீடுகளில் முற்றத்தோடு நின்றுவிட்டது. இன்று அந்நாட்டின் புயல் ஆயத்தத் திட்டத் தன்னார்வலர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள்.

கருவியும் கணிப்பும்

பேரிடர்ப் பணி என்றதும் படகும் கயிறும் நினைவுக்கு வரும். ஆனால், அது தொடங்குவது ஓர் அளவீட்டில். இந்திய வானிலைத் துறைக்கு அவ்வளவீட்டின் ஒழுங்கைக் கற்பித்தவர்களுள் முதன்மையானவர் ஒரு பெண். 1918இல் பீர்மேட்டில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மாணி, 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். அதுவரை அயல்நாட்டிலிருந்து வாங்கப்பட்ட வானிலைக் கருவிகளை நாட்டிலேயே உருவாக்க வழிசெய்தார்; ஏறத்தாழ நூறு கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்தினார். தவறான அளவீடு அளவீடே இல்லாததைவிடக் கேடானது என்பது அவர் கொள்கை. துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976இல் ஓய்வு பெற்றார். 2025ஆம் ஆண்டு சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தலைமைப் பொறுப்பை பா. அமுதா ஏற்றார். புயற்காலத்தில் நாம் செவிசாய்க்கும் அறிவிப்புகளுக்குப் பின்னே பெண்களின் அறிவியல் உழைப்பு இருப்பது இன்று நேற்றுத் தொடங்கியதன்று.

நெருப்பின் முன்னும் இடிபாட்டின் நடுவிலும்

“கணிப்பது சரி, களத்தில் இறங்கப் பெண்ணுக்கு உடல்வலிமை போதுமா?” என்று கேட்போர் உண்டு. இக்கேள்விக்கு வரலாறு விடை சொல்லிவிட்டது.

நாகபுரியில் உள்ள தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரியில் 2002ஆம் ஆண்டு ஹர்ஷினி கான்ஹேகர் சேர்ந்தார். அதுவரை ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரி அது. அவரே இந்தியாவின் முதல் பெண் தீயணைப்பு வீரராகப் போற்றப்படுகிறார். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் தீயணைப்புத் துறையின் அலுவலர்களாயினர். 2012 சனவரியில் சென்னை எழிலகம் வளாகத்துப் பழைமையான கட்டடத்தில் தீப்பற்றியபோது, பிரியா ரவிச்சந்திரன் தம் குழுவினரோடு உள்ளே நுழைந்தார். கட்டடம் சரிந்தது. உடன்சென்ற அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். பிரியா கடுமையான தீக்காயமுற்றார். வீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அவர் நலம்பெற்று மீண்டும் அதே துறைப் பணிக்குத் திரும்பினார் என்பதை அப்பதக்கத்தினும் பெரிதாக நான் கருதுகிறேன்.

தேசியப் பேரிடர் மீட்புப் படையிலும் பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சேர்க்கப்பட்டு, 2021இன் தொடக்கத்தில் முதல் பெண்கள் குழு உத்தரப் பிரதேசத்தின் கங்கைக் கரையில் பணியமர்த்தப்பட்டது. 2023 பிப்ரவரியில் துருக்கியை நிலநடுக்கம் உலுக்கியபோது இந்தியா அனுப்பிய மீட்புக் குழுவிலும் அப்படையின் பெண்கள் இருந்தனர். உறைபனியில், இடிபாடுகளுக்கு நடுவே அவர்கள் பணியாற்றினர்.

தெரியுமா?

பேரிடர்க் காலத்தில் மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையத்தை 1070 என்ற எண்ணிலும், மாவட்டக் கட்டுப்பாட்டு மையத்தை 1077 என்ற எண்ணிலும் அழைக்கலாம். அனைத்து அவசர உதவிக்கும் பொதுவான எண் 112.

பதிவேட்டில் ஒரு கூடுதல் கட்டம்

பெரும் பெயர்களைச் சொன்ன பின், பெயர் சொல்லாமல் ஒருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கேயே நெடுநேரம் நகராமல் நின்றது. மறுநாள் காலைவரை பதிவான மழையில் நம் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர். உப்பளப் பாத்திகள் எங்கே முடிகின்றன, வெள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் ஒன்று நிவாரண முகாமாகியது. உதவிக்குச் சென்ற ஆசிரியர்களுள் நானும் ஒருத்தி.

முகாமின் பொறுப்பு கிராம நிர்வாக அலுவலரான ஓர் இளம்பெண்ணிடம் இருந்தது. மின்சாரம் இல்லை. கைப்பேசி வெளிச்சத்தில் ஒரு பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே அவர் பணிகளைப் பகிர்ந்தளித்தார். எந்தத் தெருவில் எத்தனை முதியோர், எந்த வீட்டில் நிறைமாதக் கருவுற்றவர், யார் சக்கர நாற்காலியில் இருப்பவர் என்பவை அதில் இருந்தன. கழிவறைக்கு அருகிலுள்ள அறைகளைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்கினார். பாலூட்டும் தாய்மார்க்கு ஒரு மூலையைத் துணியால் மறைத்துத் தந்தார். அரிசி, பருப்போடு மாதவிலக்குக்கான அணையாடைகளும் வந்து இறங்கின.

உப்பளத்துக் குடியிருப்பில் ஒரு குடும்பம் மட்டும் வர மறுத்தது. காரணத்தை அக்குடும்பத்து மூதாட்டியே மறுநாள் காலை என்னிடம் கூறினார். வயதுவந்த பேத்தியை, விளக்கும் தாழ்ப்பாளும் இல்லாத இடத்தில் தங்கவைக்க அவர் மனம் ஒப்பவில்லை. முன்பொரு புயலின்போது அவ்வாறு தங்கித் துன்புற்றிருந்தார். முழங்கால் நீரில் நடந்து சென்று அலுவலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். “ஆயா, ரூமுக்கு உள்தாழ்ப்பா இருக்குது. கக்கூஸ் வாசல்ல விளக்கு வச்சிருக்கேன். ராத்திரி முழுக்க நான் அங்கேதான் இருப்பேன். வாங்க” என்றார். மூதாட்டி பேத்தியோடு எழுந்து வந்தார். காற்றின் வேகம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வானொலி சொன்னபோது அசையாதவர் அவர்.

“தாழ்ப்பாளைப் பற்றி உங்களுக்கு எப்படித் தோன்றியது?” என்று அலுவலரைக் கேட்டேன். பதிவேட்டின் ஒரு பக்கத்தைக் காட்டினார். அச்சிட்ட கட்டங்களுக்கு அருகில் பேனாவால் ஒரு கட்டம் கூடுதலாக வரையப்பட்டிருந்தது. அதன் தலைப்பு: ‘வராததற்குக் காரணம்’. முந்தைய புயலுக்குப் பின் வீடுவீடாகச் சென்று, முகாமுக்கு வராதவர்களிடம் கேட்டு எழுதியிருந்தார். ஆடு, மாடு; படுக்கையில் கிடக்கும் மாமியார்; திருட்டுப் பயம்; கழிவறை. அந்தக் கட்டத்தைக் காட்டியே, பருவமழைக்கு முன்பாக உரியவர்களிடம் பேசித் தாழ்ப்பாள்களைச் சீர்செய்ய வைத்திருந்தார்.

கடமையும் பதவியும்

அந்தக் கூடுதல் கட்டத்தைப் பற்றிப் பலமுறை எண்ணியிருக்கிறேன். பெண் என்பதால் இயல்பாகவே இரக்கம் சுரந்து அவர் அதை வரைந்தார் என்று சொல்வது எளிது. ஆனால், அது அவர் உழைப்பைச் சிறுமைப்படுத்துவதாகும். கேட்டது, எழுதியது, வகைப்படுத்தியது, தொடர்ந்து வற்புறுத்தியது ஆகியவை தொழில் திறன்கள். பயிற்சியால் ஆணும் பெறலாம், பெண்ணும் பெறலாம். ஆயினும், சில கேள்விகளுக்கு விடை சில காதுகளிடம்தான் சொல்லப்படும். பேத்தியின் பாதுகாப்பைப் பற்றிய அச்சத்தை அந்த மூதாட்டி எந்த ஆண் அலுவலரிடமும் வாய்திறந்து சொல்லியிருப்பாரா? கேட்கும் காது அலுவலகத்துக்குள் இல்லையென்றால், சொல்லப்படாத காரணம் அடுத்த புயலிலும் உயிரைக் குடிக்கும்.

நம் ஊர்ப் பெண்கள் பேரிடரில் எப்போதும் உழைத்தே வந்திருக்கிறார்கள். மழைக்கு முன் விறகை நனையாமல் எடுத்துவைத்தவர்கள், குடிநீரைச் சேமித்தவர்கள், கிழவர்களையும் குழந்தைகளையும் ஈரமில்லாத மூலைக்கு நகர்த்தியவர்கள், வெள்ளம் வடிந்தபின் சேற்றைக் கழுவி முதல் உலையை ஏற்றியவர்கள் அவர்களே. அதற்குக் கடமை என்று பெயர் சூட்டினோம், ஊதியம் தரவில்லை, முடிவெடுக்கும் உரிமையும் தரவில்லை. அதே அறிவு பயிற்சியும் பதவியும் பெறும்போது என்ன நேர்கிறது என்பதை அந்தப் பதிவேடு காட்டியது. மூதாட்டியிடம் இருந்தது அனுபவம். அலுவலரிடம் கையொப்பமிடும் அதிகாரமும் இருந்தது. தாழ்ப்பாளைப் பொருத்தியது அந்தக் கையொப்பம்.

இப்பாதை எளியதன்று என்பதையும் மறைத்தல் கூடாது. பெண்கள் ஆசிரியப் பணிக்கும் செவிலியர் பணிக்கும் சென்றால் போதும் என்று கருதிய காலத்தில் படித்தவள் நான். இரவுப்பணி என்றால் இன்றும் வீடுகள் தயங்குகின்றன. புயல் நாளில் ஊர்ப் பிள்ளைகளைக் காக்கச் செல்லும் தாய், தன் பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வாள்? பாதுகாப்பு உடை முதல் ஓய்வறைவரை பெண்ணின் அளவையும் தேவையையும் எண்ணி அமைக்க வேண்டியவை பல. 2015ஆம் ஆண்டு சப்பானின் செண்டாய் நகரில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பேரிடர்த் தணிப்புச் செயற்சட்டகம் பெண்களின் தலைமைப் பங்கை வலியுறுத்துகிறது. அவ்வுறுதிமொழி மெய்ப்பட, வீட்டுவேலையைப் பகிர்ந்துகொள்ளும் தந்தையும் கணவனும் தமையனும் வேண்டும். இக்கட்டுரை மாணவியர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அதுவே காரணம்.

முன்னே கிடக்கும் வழிகள்

பதினோராம் வகுப்பில் இருக்கும் உங்களுக்கு வாயில்கள் பல உள்ளன. இயற்பியலிலும் கணக்கிலும் ஆர்வமுள்ளவர் வானிலை அறிவியலுக்குச் செல்லலாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி ஒன்று தேர்வு, துணை ஆட்சியர் பதவிக்கும் தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையின் மாவட்ட அலுவலர் பதவிக்கும் வழிவிடும். தொகுதி நான்கு தேர்வு கிராம நிர்வாக அலுவலராக்கும். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் பேரிடர் மேலாண்மையில் உயர்கல்வி வழங்குகிறது. பொதுமக்களுக்கு மீட்புப் பயிற்சி தரும் ஆப்த மித்ரா திட்டம், வேலைக்குச் செல்லும் முன்பே களத்தை அறிமுகப்படுத்தும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக இரண்டு செயல்கள் உங்கள் கையில் உள்ளன. நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள்; முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். கடற்கரையில் பிறந்த பெண்பிள்ளை நீந்தத் தெரியாமல் வளரும் வழக்கம் உங்கள் தலைமுறையோடு முடியட்டும்.

வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வரும். வங்கக்கடலில் காற்றழுத்தம் ஆண்டுதோறும் தாழும். அப்போது நம் ஊரின் பதிவேடு உங்களுள் ஒருவர் கையில் இருக்கக்கூடும். அதில் வந்தவர்களின் பெயர்களை எழுதி முடித்ததும் மூடிவிடாதீர்கள். வராதவர்களின் வீட்டுக் கதவு இன்னும் தட்டப்படாமல் இருக்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் புயல், வெள்ளக் காலங்களில் முகாமுக்குச் செல்லாதவர்கள் கூறும் காரணங்களைக் கேட்டறிந்து அட்டவணைப்படுத்துக.

2. ‘கடமை’, ‘பதவி’ ஆகிய சொற்கள் இக்கட்டுரையில் எவ்வாறு வேறுபடுத்தப்படுகின்றன? உம் வீட்டுச் சூழலோடு ஒப்பிட்டு எழுதுக.

3. உம் பள்ளி நிவாரண முகாமாக மாறினால் செய்யவேண்டிய ஏற்பாடுகளைக் குழுவாகக் கலந்துரையாடித் திட்ட அறிக்கை உருவாக்குக.